நிலத்தடி அளவீடும் கனிமப் பகுப்பாய்வும்: வைகைக் கரை வாழ்விட மேட்டில் பயன்படுத்திய ஒரு சேவை பற்றிய மதிப்பீடு

மண்ணைத் தோண்டாமலேயே மண்ணுக்குள் இருப்பதைக் காட்டித் தருவதாகச் சொல்லும் தனியார் அளவீட்டு நிறுவனங்கள் இப்போது தமிழ்நாட்டிலும் இயங்குகின்றன. சாலைக்கு அடியில் செல்லும் குடிநீர்க் குழாய்களையும் மின்வடங்களையும் கண்டறிவதே அவற்றின் அன்றாட வேலை. தொல்லியல் அவற்றுக்குப் பக்கத் தொழில்தான். எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறை, வைகைக் கரையை ஒட்டிய ஒரு பழைய வாழ்விட மேட்டில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தை அமர்த்தி, தரை ஊடுருவும் ரேடார் அளவீட்டையும் காந்த அளவீட்டையும் செய்வித்தது. மேற்பரப்பில் கிடந்த பானை ஓடுகளின் கனிமப் பகுப்பாய்வும் அதே நிறுவனத்தின் வழியாகவே ஓர் ஆய்வகத்தில் நடந்தது. இதே வேலையில் இறங்க நினைக்கும் கல்லூரித் துறைகளுக்கும் ஊர் வரலாற்று மன்றங்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். சேவை கொடுத்த பணத்துக்குத் தகுந்ததுதான். ஆனால் நிறுவனம் தரும் வண்ணப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் பாதிப் பணத்தை வீணாக்கியவர் ஆவார்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஊரின் பெயரையும் எழுதவில்லை. பானை ஓடும் பாசிமணியும் தேடி மேடுகளைக் கிளறுகிறவர்கள் இருக்கும் வரை, பாதுகாப்பில்லாத ஒரு மேட்டின் இடத்தை வெளிப்படையாகச் சொல்வது அதற்குச் செய்யும் கேடு என்றே நான் கருதுகிறேன். வைகைக் கரையில் இப்படிப்பட்ட மேடுகள் ஒன்றிரண்டு அல்ல. இந்தியத் தொல்லியல் துறை 2013-14இல் ஆற்றின் இரு கரைகளிலும் நடத்திய களஆய்வில் 293 தொல்லியல் இடங்கள் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றான கீழடியை இன்று உலகமே அறியும். ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்புள்ள அந்த மேடு, 2015இல் முதல் குழி வெட்டப்படும் வரை வெறும் தென்னந்தோப்பாகவே பார்க்கப்பட்டது. எஞ்சிய இடங்களில் பெரும்பாலானவற்றின் கீழே என்ன இருக்கிறது என்பது இன்னும் தெரியாது. எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. தோண்டுவதற்கு மத்தியத் தொல்லியல் ஆலோசனைக் குழுவின் பரிந்துரையும் உரிமமும் வேண்டும். எனவே தோண்டாத அளவீட்டுக்கு நம் மண்ணில் பெரிய தேவை இருக்கிறது. கீழடித் தொகுதியில் அகழாய்வோடு சேர்த்து மும்பையிலுள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் உதவியும், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத் தொலையுணர்வுத் துறையின் உதவியும் நாடப்பட்டது இந்தத் தேவையை உணர்ந்துதான்.

முதலில் களப்பணியைப் பற்றி. வந்த குழுவினரிடம் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. தோப்பின் உரிமையாளர் வயதான பெண்மணி. அரசாங்கம் நிலத்தைப் பறித்துக்கொள்ளும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. "ஏந்தம்பி, தோண்டாமலே உள்ள இருக்கிறது தெரியுமாக்கும்?" என்று அவர் கேட்டபோது, குழுத் தலைவர் ரேடார் பெட்டியை நிறுத்திவிட்டு, திரையில் தென்னை வேர் எப்படித் தெரிகிறது என்பதை அவருக்குக் காட்டி, "இவ்வளவுதான் ஆத்தா, மண்ணை நாங்க தொடவே மாட்டோம்" என்று பொறுமையாக விளக்கினார். நில உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் எந்த அளவீடும் இல்லை என்பதை அறிந்த குழு அது.

காந்தமானியைச் சுமக்கிறவரின் உடலில் இரும்பு இருக்கக் கூடாது. இடுப்பு வார், சாவிக்கொத்து, கைப்பேசி, ஆணி அடித்த செருப்பு எல்லாவற்றையும் தொலைவில் வைத்துவிட்டுத்தான் அவர் நடந்தார். கயிறு பிடிக்க வந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் அருகே வரும்போதெல்லாம் அளவு துள்ளியது. தேடிப் பார்த்தால் அவர் சட்டையில் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அவ்வளவு நுண்ணிய கருவி அது. அந்தத் துள்ளலைக் கவனித்து, அதுவரை எடுத்த வரிசைகளை அழித்துவிட்டு அவர்கள் மறுபடி எடுத்ததைக் கண்டபோது, இவர்களுடைய அளவுகளை நம்பலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. கம்பிவேலியிலிருந்தும் மோட்டார் கொட்டகையிலிருந்தும் போதிய தூரம் விட்டே கட்டம் போட்டார்கள். கட்டத்தின் மூலைகளை ஜிபிஎஸ் கருவியால் குறித்து, மர முளைகள் அடித்து, அடுத்த முறை வருகிறவர் அதே கோட்டில் நடக்கும்படி விட்டுச் சென்றார்கள்.

அறிக்கை கைக்கு வந்த பிறகே குறைகள் தெரிந்தன. ரேடாரிலிருந்து தொடங்குகிறேன்.

ரேடார் பெட்டி மின்காந்த அலையை மண்ணுக்குள் அனுப்புகிறது. செங்கல், கல், குழி, வேர் என மண்ணின் தன்மை மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. கருவி அளப்பது ஆழத்தை அல்ல, அலை போய் வர எடுத்துக்கொண்ட நேரத்தை. நேரத்தை ஆழமாக மாற்ற, அந்த மண்ணில் அலை என்ன வேகத்தில் செல்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். வெற்றிடத்தில் அலை ஒரு நானோவினாடியில் 30 செ.மீ. செல்லும், உலர்ந்த மணலில் 15 செ.மீ. அளவிலும் ஈரக் களிமண்ணில் 6 செ.மீ. அளவிலும்தான் செல்லும். 40 நானோவினாடியில் திரும்பி வந்த ஒரே எதிரொலி, உலர் மணலில் 3 மீட்டர் ஆழத்தையும் ஈரக் களியில் 1.2 மீட்டர் ஆழத்தையும் குறிக்கும். இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்தினால், அறிக்கையில் 'ஆழம்' என்று போட்டிருக்கும் எண் எல்லாமே ஊகம்தான்.

எங்களுக்கு வந்த அறிக்கையில் நேர்ந்தது அதுவே. தோப்பின் ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. அதன் வெட்டுச் சுவரில், மேல்மண்ணுக்குக் கீழே பெரிய செங்கற்கள் ஒரு வரிசையாக வெளியே தெரிகின்றன. ரேடார் கோடு ஒன்று கிணற்றை ஒட்டியே சென்றிருந்தது; அறிக்கை அந்தச் செங்கல் வரிசையை ஒன்றரை மீட்டர் ஆழத்தில் காட்டியது. நாங்கள் நாடாவைப் பிடித்து அளந்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான் வந்தது. மென்பொருளில் முன்னிருப்பாக இருந்த, நானோவினாடிக்கு 10 செ.மீ. என்ற வேகத்தை மாற்றாமலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த மண்ணில் உண்மையான வேகம் 7 செ.மீ. அளவுதான். சுட்டிக்காட்டியதும் மறுப்பேதும் சொல்லாமல் எல்லாப் படங்களையும் திருத்தித் தந்தார்கள். ஆனால் கிணறு இல்லாத மேட்டில் இந்தத் தவறு யாருடைய கண்ணிலும் பட்டிருக்காது. குழாய் தேடும் வேலையில் அரை மீட்டர் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. தொல்லியலில் அந்த அரை மீட்டருக்குள் பல தலைமுறைகளின் வாழ்வு அடங்கியிருக்கலாம்.

ரேடார் எவ்வளவு ஆழம் போகும் என்பதும் விளம்பரத்தில் ஒரு மாதிரி, களத்தில் ஒரு மாதிரி. அவர்கள் கொண்டு வந்தது 400 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனா. நல்ல மணல் மண்ணில் அது இரண்டு மூன்று மீட்டர் வரை பார்க்கும். களிமண்ணும் ஈரமும் கூடியிருந்தால் ஒரு மீட்டரிலேயே அலை மடிந்துவிடும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. 580 என்று அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கணித்ததை, மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. நம் மேடுகளில் எது மிகப் பழையதோ அதுவே மிக ஆழத்தில் கிடக்கிறது. அந்த ஆழத்தை இந்த ஆண்டெனா எட்டாது. 'ஐந்து மீட்டர் வரை தெரியும்' என்று யாராவது சொன்னால், எந்த மண்ணில், எந்த ஆண்டெனாவில் என்று கேட்க வேண்டும். எங்கள் மேட்டில் நம்பத்தகுந்த எதிரொலி ஒன்றேகால் மீட்டரோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று அறிக்கை சொன்னதை நான் ஏற்கவில்லை. அதற்குக் கீழே கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன், எழுதினார்கள்.

இத்தனை வரம்புக்குள்ளும் ரேடார் காட்டியதைக் கண்டு எனக்கு ஏற்பட்ட வியப்பை மறைக்க மாட்டேன். ஆழம் வாரியாக வெட்டிய கிடைப்படங்களில், மேட்டின் வடகிழக்கு மூலையில் நேர்கோடுகள் இரண்டு செங்கோணத்தில் சந்திக்கின்றன. வேர்கள் சிறுசிறு வளைவுகளாகச் சிதறித் தெரிகின்றன. இவையோ நேராக, தொடர்ச்சியாக ஓடுகின்றன. இவற்றுள் ஒன்று கிணற்றுச் சுவரில் நாங்கள் நேரில் பார்க்கும் செங்கல் வரிசையை நோக்கியே செல்கிறது. மூன்றாவதாக இன்னொரு நேர்கோட்டையும் அறிக்கை 'சுவர்' என்று குறித்திருந்தது. தோப்புக்காரரிடம் கேட்டபோது, அது முன்பு சொட்டுநீர்ப் பாசனத்துக்காகப் புதைத்த பிவிசி குழாய் என்று தெரிந்தது. நிலத்தில் உழைத்தவரின் நினைவைக் கேட்டு எழுதாத அளவீட்டு அறிக்கை அரைகுறையானது. இந்தக் கேள்விகளை நிறுவனமே கேட்டிருக்க வேண்டும்.

கோடுகளுக்கு இடையே அரை மீட்டர் இடைவெளி விட்டார்கள். வாழ்விட மேட்டுக்கு இது அகலம். கால் மீட்டர் இருந்திருக்க வேண்டும். ரோமுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள ஃபலேரி நோவி என்ற பழைய ரோமானிய நகரத்தை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் முழுதுமாக ரேடாரால் அளந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 30.5 ஹெக்டேர் பரப்பில், ஒவ்வொரு 12.5 செ.மீ.க்கும் ஓர் அளவு எடுத்தார்கள். கோயில், சந்தைக் கட்டடம், குளியல் கூடம், வீட்டு மனைகளுக்கு அடியில் ஓடிய நீர்க்குழாய்கள் என்று ஒரு நகரத்தின் அமைப்பே ஒரு குழிகூட வெட்டாமல் துலங்கிற்று. அந்த நெருக்கம் இருந்ததால்தான் மெல்லிய குழாய்களும் தெரிந்தன. அங்கே இருப்பவை கற்கட்டடங்கள்; அவற்றின் மேலே பிற்காலக் குடியிருப்பும் இல்லை. நம் ஊரிலோ செங்கல்லும் மண்சுவரும், அவற்றின் மேல் தென்னையும் வாய்க்காலும். அதனால் இடைவெளி இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டிய தேவை நமக்கே கூடுதல். கட்டணம் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். பாதிப் பரப்பைத் தேர்ந்தெடுத்து நெருக்கமாக அளப்பதே நல்லது.

காந்த அளவீட்டில்தான் பெரிய குறை இருந்தது; அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். களிமண்ணில் உள்ள இரும்புச் சேர்மங்கள் சூளையிலோ அடுப்பிலோ 600, 700 டிகிரி வரை சூடேறி ஆறும்போது, அப்போது புவியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையில் நிலையாகக் காந்தமேறிவிடுகின்றன. ஆகவே சூளையும் உலையும் எரிந்த தரையும் காந்தமானிக்கு மிக நன்றாகத் தெரியும். தென்தமிழ்நாட்டில் புவியின் மொத்தக் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). புதைந்த சூளை அதில் ஏற்படுத்தும் மாற்றம் சில பத்து முதல் சில நூறு நானோடெஸ்லா வரை இருக்கும். சாதாரணச் சுவர் ஏற்படுத்துவது ஓரிரு நானோடெஸ்லாதான். இதற்கு நடுவே, நடுக்கோட்டுப் பகுதிக்கு மேலே வான்வெளியில் பகலில் பாயும் மின்னோட்டத்தால், நண்பகலை ஒட்டி இங்கே காந்தப்புலம் பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்குகிறது. அதைக் கழிக்கத்தான் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு உணரிகள் உள்ள கருவியைப் பயன்படுத்துகிறார்கள்; இரண்டுக்கும் பொதுவான மாற்றம் கழிந்துபோக, தரைக்கு அருகில் இருக்கும் பொருளின் விளைவு மட்டும் நிற்கும். இதுவரை சரி.

இந்தக் கருவிகளோடு வரும் விளக்க நூல்களும் மாதிரிப் படங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய நிலத்துக்கானவை. லண்டனில் காந்தப்புலம் 66 டிகிரி அளவில் செங்குத்தாகச் சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது. அங்கே சூளைக்கு நேர் மேலேயே கருமையான நேர்மறைப் புள்ளி விழும். அந்தப் புள்ளியில் தோண்டினால் சூளை கிடைக்கும். மதுரைப் பக்கத்திலோ காந்தப்புலம் கிட்டத்தட்ட கிடையாகவே செல்கிறது. காந்த நடுக்கோடு இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். கிடைப்புலத்தில் செங்குத்து உணரிக் கருவி சூளையின் தெற்கே நேர்மறையையும் வடக்கே எதிர்மறையையும் காட்டும். சூளை இரண்டுக்கும் நடுவே, அளவு சுழியாகும் இடத்தில் இருக்கும். எங்கள் அறிக்கையோ நேர்மறைப் புள்ளியின் உச்சியில் சிவப்புக் குறி போட்டு, 'சூளையாக இருக்கலாம், இங்கே சோதனைக்குழி இடலாம்' என்று எழுதியிருந்தது. அங்கே குழி வெட்டியிருந்தால் சூளையின் தெற்கு விளிம்போடு நின்றிருக்கும். சிறிய குழியென்றால் ஒன்றுமே கிடைத்திராது. பிறகு, 'கருவி காட்டியது பொய்' என்ற பெயர் வந்திருக்கும். இப்படித் தவறாகப் படித்துவிட்டுக் கருவிமேல் பழிபோட்ட இடங்கள் நம் நாட்டில் வேறெங்கும் இருக்குமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

இதே காரணத்தால் இன்னொன்றும் நிகழ்கிறது. வடக்கு தெற்காக ஓடும் சுவர்கள் காந்தப்புலத்துக்கு இணையாக இருப்பதால், இரு முனைகள் தவிர நடுவில் காந்தமானிக்குத் தெரிவதில்லை. கிழக்கு மேற்குச் சுவர்கள் மட்டும் தெரியும். எங்கள் காந்தப் படத்தில் கிழக்கு மேற்குக் கோடுகள் மட்டுமே இருந்தன. அதைக் கொண்டு 'இணைத் தெருக்கள்' என்று ஒரு துணிபுரை அறிக்கையில் இடம்பெற்றது. ரேடார் படத்தில் வடக்கு தெற்குக் கோடு ஒன்று தெளிவாக இருந்ததையும் அறிக்கை சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டு கருவிகளின் படங்களும் தனித்தனி அத்தியாயங்களில் அச்சாகி, ஒன்றோடொன்று பேசாமல் கிடந்தன. தென்தமிழ்நாட்டில் காந்தமானியை மட்டும் வைத்துக்கொண்டு நகர அமைப்பைப் பேசக் கூடாது. ரேடார் கோடுகளை கிழக்கு மேற்காக நடத்தினால், காந்தமானி தவறவிடும் வடக்கு தெற்குச் சுவர்களை அவை குறுக்காக வெட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் படம் நிறைவடையும். இதைச் சொன்னபோது நிறுவனத்தின் இளம் புவியியற்பியலாளர் ஒருவர் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டு, சூளைக் குறியை நகர்த்தி, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் புதிய வரைபடம் தந்தார். அந்த வரைபடம்தான் இந்தப் பணி முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தாள்.

ஒடிசாவில் புவனேஸ்வரை ஒட்டியுள்ள சிசுபால்கரை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சதுரக் கோட்டை நகரம் அது, 1948இல் பி. பி. லால் அங்கே அகழாய்ந்தார். 2005 முதல் மோனிகா ஸ்மித்தும் ரவீந்திர குமார் மொகந்தியும் மேற்பரப்புப் பொருட்களின் கணக்கெடுப்பையும் நிலத்தடி அளவீட்டையும் சேர்த்து நடத்தி, மதிலுக்குள் எங்கெங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று ஆராய்ந்த பிறகே தேர்ந்தெடுத்த இடங்களில் வெட்டினார்கள். நகர விரிவாக்கம் அந்தத் தொல்நகரை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த வேலை அது. நம் வைகைக் கரை மேடுகளும் அதே நிலையில்தான் இருக்கின்றன. மதுரையின் மனைப்பிரிவுகள் ஆண்டுதோறும் தென்கிழக்கே நீண்டுகொண்டே போகின்றன.

கனிமப் பகுப்பாய்வு இந்தச் சேவையின் இரண்டாம் பகுதி. மேற்பரப்பில் கிடந்த ஓடுகளை மட்டும், தொல்லியல் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒவ்வொன்றும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு எடுத்தோம். ஆய்வகம் மூன்று முறைகளில் பார்த்தது. ஓட்டை 0.03 மி.மீ. தடிமனுள்ள மெல்வெட்டாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் கனிமத் துகள்களை அடையாளம் காண்பது ஒன்று. ஓட்டைப் பொடித்து எக்ஸ்ஆர்டி என்னும் எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்து, எந்தெந்தப் படிகங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது மற்றொன்று. கையடக்க எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியால் தனிமங்களை அளப்பது மூன்றாவது.

முதல் முறைக்கு ஆன செலவே மூன்றிலும் குறைவு. எனக்குக் கிடைத்த அறிவோ அதில்தான் மிகுதி. மெல்வெட்டாகப் பார்க்கும்போது கருப்பு சிவப்பு ஓடு வேறொரு பொருளாகிவிடுகிறது. கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டவை குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும். இடையிடையே கருப்பு மைக்கா இழைகள், ஹார்ன்பிளெண்ட், ஒன்றிரண்டு ஹைப்பர்ஸ்தீன் துகள்கள். ஹைப்பர்ஸ்தீன், சார்னோக்கைட் பாறையின் அடையாளக் கனிமம். சென்னை பரங்கிமலையில் கிடைக்கும் அதே வகைப் பாறை மதுரையைச் சுற்றியுள்ள மலைகளிலும் இருக்கிறது. வைகையும் அதன் கிளையோடைகளும் அதை அரித்து மணலாகக் கொண்டு வருகின்றன. ஓட்டின் ஓரத்தில் சிவப்பும் நடுவில் கருமையும் ஒன்றோடொன்று கலக்கும் எல்லையில், அந்தப் பானை சூளையில் காற்றுபட்ட பக்கமும் படாத பக்கமும் தெளிவாகத் தெரிகின்றன. பானை வனைந்தவர் எந்த மண்ணைக் கையில் எடுத்தார் என்பதை இவ்வளவு அருகில் காணும் வாய்ப்பை மாணவர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆய்வகம் மெல்வெட்டுகளைத் திருப்பித் தந்துவிட்டது. அவை இப்போது துறையின் பெட்டியில் இருக்கின்றன.

ஆனால் ஓட்டை மட்டும் பார்த்து 'உள்ளூர்ப் பானை' என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒப்பிட உள்ளூர் மண் வேண்டும். நிறுவனத்தின் விலைப்பட்டியலில் அதற்கு இடமே இல்லை. நாங்களாகவே அருகிலுள்ள கண்மாயின் களிமண்ணையும் வைகை மணலையும் எடுத்துக் கொடுத்தோம். மானாமதுரையில் இன்றும் கடமும் பானையும் செய்யும் குயவர்கள், பல இடங்களின் மண்ணைக் கலந்தே பிசைகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் மண்வில்லைகள் சிலவற்றைச் சுட்டுத் தரும்படி கேட்டு வாங்கினோம். பெரும்பாலான ஓடுகளின் கனிமங்கள் இவற்றோடு பொருந்தின. பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஆய்வகம், ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் ஓடுகளை ஏற்றுக்கொள்வதே தவறு என்பது என் கருத்து.

எக்ஸ்ஆர்டி முடிவுகள் சுட்ட வெப்பநிலையைப் பற்றிப் பேசுகின்றன. கயோலினைட் களிமண் 550 டிகிரியை ஒட்டிச் சிதைந்துவிடும். கால்சைட் 700 முதல் 850 டிகிரிக்குள் கரியமில வாயுவை இழக்கும். முல்லைட் உருவாக 1000 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். எது இருக்கிறது, எது இல்லை என்பதைக் கொண்டு எந்த வெப்ப எல்லைக்குள் சுட்டார்கள் என்று வரையறுக்கலாம். ஆய்வகம் ஒரே எண்ணாக '900 டிகிரி' என்று எழுதித் தந்தது. அப்படி ஒற்றை எண்ணாகச் சொல்ல இந்த முறையில் வழியில்லை. எவ்வளவு நேரம் சுட்டார்கள், காற்றோட்டம் எப்படி என்பவற்றைப் பொறுத்தும் முடிவு மாறும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் நிலத்தடி நீர் கொண்டு வந்து படிய வைத்த கால்சைட்டும் ஓட்டுக்குள் இருக்கக்கூடும். எல்லையாகத் திருத்தி எழுதச் சொன்னோம்.

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் விஷயத்தில் எனக்கு முழு நிறைவு இல்லை. பளபளக்கும் மேற்பூச்சின் மீதும் ஒட்டியிருந்த மண்ணின் மீதும் கருவியை வைத்து அளந்த எண்கள், பானையின் உடற்களிமண்ணைப் பற்றி எதையும் சொல்லாது. சோடியம் போன்ற இலேசான தனிமங்களை இந்தக் கருவி பிடிப்பதும் இல்லை. உடைத்த புதுமுகத்தில் மட்டுமே அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மென்மையான சாம்பல் நிற ஓடுகள் ஒன்றிரண்டு உள்ளூர் மண்ணோடு பொருந்தவில்லை. அவற்றில் மணல் துகள்களே இல்லை. 'இறக்குமதி' என்று அறிக்கை எழுதிவிட்டது. இது ஒன்றுதான் எனக்குச் சினமூட்டிய சொல். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழாய்ந்த காலத்திலிருந்தே ரௌலட்டட் பானைகளை (உட்புற அடியில் சிறு கீறல்களை வளையமாகப் பதித்த மென்மையான பானைகளை) ரோமானிய உலகத்தோடு தொடர்புபடுத்திப் பேசும் வழக்கம் இருந்தது. புனே டெக்கான் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே, எக்ஸ்ஆர்டி பகுப்பாய்வைக் கொண்டு, அவை கங்கையின் கழிமுகத்தில், மேற்கு வங்கத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியில் உருவானவை என்று 1997இல் வாதிட்டார். அனுராதபுரம் உள்ளிட்ட இடங்களின் ஓடுகளை வைத்து 2005இல் வெளியான புவிவேதியியல் ஆய்வும், அவை ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்ற கருத்துக்கே வலுச்சேர்த்தது. இந்தியாவில் 'ஆம்ஃபோரா' என்று பெயரிடப்பட்ட சாடி ஓடுகளில் பலவும் உண்மையில் மெசபடோமியப் பகுதியிலிருந்து வந்தவை என்று பானையோட்டு ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் இனங்கண்டார். இத்தாலியின் காம்பேனியாவில் செய்த சாடிகளை அவற்றின் களிமண்ணில் கலந்திருக்கும் கருநிற எரிமலை மணலே காட்டிக்கொடுக்கிறது. மூலத்தைச் சொல்ல மூலத்தின் மண் கையில் இருக்க வேண்டும். எங்கள் ஓடுகளுக்கு அது இல்லை. ஆகவே 'உள்ளூர் மாதிரிகளோடு பொருந்தாதவை' என்று மட்டும் பதிந்திருக்கிறோம். இந்த அடக்கம் வணிக ஆய்வகங்களுக்கு வர வேண்டும். கீழடி ஓடுகளின் உட்புறக் கரும்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்களைக் கொண்ட குழு 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டது. முழு விவரத்தோடு அதுபோல எழுதினால்தான் மற்றவர்கள் சரிபார்க்க முடியும்.

தரவு ஒப்படைப்பைப் பற்றி ஒரு சொல். முதலில் எங்களுக்கு வந்தவை அச்சிட்ட அறிக்கையும் படக்கோப்புகளும் மட்டுமே. ரேடாரின் மூலக்கோப்புகள், காந்தமானியின் வரிசை அளவுகள், எக்ஸ்ஆர்டி வரைபடத்தின் எண்கள் ஆகியவற்றைத் தனியே கேட்டபோது, 'யாரும் கேட்பதில்லை' என்றார்கள். கேட்டதும் கட்டணம் இல்லாமல் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே நான் சொன்ன திருத்தங்கள் அனைத்தும் அந்தக் கோப்புகள் கைக்கு வந்ததால்தான் இயன்றன. வேகத்தை மாற்றிக் கணக்கிடவும், படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கவும், வருங்காலத்தில் மேலும் நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி படிக்கவும் மூலக்கோப்பு வேண்டும். மேட்டின் மேல் நாளை வீடு எழும்பிவிட்டால், அந்தக் கோப்பைத் தவிர வேறு சாட்சியமே இராது.

கட்டணம் ஏக்கர் கணக்கில் பேசப்பட்டது. பயணச் செலவும் ஜிஎஸ்டியும் தனி. கல்லூரிப் பணத்தில் இது சிறிய தொகை அல்ல. முறையான அகழாய்வு ஒரு பருவத்துக்கு விழுங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதும் அல்ல. பருவத்தைப் பொறுத்த வரை, வடகிழக்கு மழை முடிந்த கையோடு ரேடாரைக் கூப்பிட வேண்டாம். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போது அழைப்பதே நல்லது. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைச் சில நாட்கள் தள்ளிவைக்கும்படி உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்; அவருக்கு அதனால் நட்டம் வராதபடி பார்த்துக்கொள்வதும் நம் கடமை.

மேட்டின் மேற்குப் பகுதிக்கு இதே நிறுவனத்தையே மறுபடியும் அழைப்பதாக இருக்கிறோம். களத்தில் அவர்களுக்கு இருக்கும் நேர்மையும், தவறைச் சொன்னால் திருத்திக்கொள்ளும் மனமும் வேறிடத்தில் எளிதில் கிடைக்காதவை. இந்த முறை ஒப்பந்தத்திலேயே சில வரிகளைச் சேர்த்திருக்கிறோம்: கிணற்றுச் சுவரின் செங்கல் வரிசையை ஒட்டிய கோட்டை முதலில் எடுத்து வேகத்தை நிர்ணயித்த பின்னரே மற்றக் கோடுகள், கால் மீட்டர் இடைவெளி, காந்தப் படத்தை இந்த நிலநேர்க்கோட்டுக்கு உரிய முறையில் படிப்பது, உள்ளூர் மண் மாதிரிகளோடு சேர்த்தே ஓடுகளின் பகுப்பாய்வு, மூலக்கோப்புகள் அனைத்தும் அறிக்கையோடு ஒப்படைப்பு. நிறுவனம் ஒவ்வொரு வரியையும் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது.